கொரோனாவில் எத்தனை பேர் போனார்கள்? சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு

காரைக்குடிப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்காரும்போது கொரோனாப் பேச்சை எடுத்துப் பாருங்கள். இத்தனை வருடம் கழித்தும் பேச்சு சூடாகத்தான் இருக்கும்.

"சும்மா பயமுறுத்திட்டாக அண்ணே. சுகரும் பிரஷரும் இருந்தவுக போனாக, பழி கொரோனா மேல."

"டி.வி.க்காரவுகளுக்கு அப்பத்தான் நல்ல வியாபாரம்."

"அதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்புக்கு. மிளகு ரசம் குடிக்கிறவுகளை என்ன செய்யும்?"

"நீங்க வேற. செத்தவுக கணக்கைப் பாதிக்கு மேல மறைச்சுட்டாக."

"ஊசி போட்ட பிறகுதான் மாரடைப்பே கூடிப் போச்சு ஆச்சி."

சந்தேகங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. ஒருவர் மிகைப்படுத்தினார்கள் என்கிறார், இன்னொருவர் குறைத்துக் காட்டினார்கள் என்கிறார். இருவருமே அரசை நம்பவில்லை, செய்தியை நம்பவில்லை. அதற்காக அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்த நோய் காற்றில் பரவாது என்று அடித்துச் சொன்னது. நாம் வாங்கிவந்த கத்திரிக்காயை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தோம், செய்தித்தாளை வெயிலில் காயவைத்துப் படித்தோம். பிறகு காற்றில்தான் பரவுகிறது என்றார்கள். இப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த முறை சொல்வதையும் ஜனங்கள் யோசித்துத்தான் கேட்பார்கள்.

சந்தேகப்படுவது சரி, அதை எதை வைத்துச் சோதிப்பது? யாரையும் நம்பாமல், டாக்டரின் எழுத்தையும் மந்திரியின் பேச்சையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் போடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்குக் கூடுதல் இறப்பு என்று பெயர்.

கணக்கு போடும் விதம்

ஒருவர் எதனால் இறந்தார் என்பதில் ஆயிரம் தகராறு வரும். பரிசோதனை எடுத்தார்களா, எடுத்தது எப்போது, முடிவு வருமுன் உயிர் போயிற்றா, சான்றிதழில் முதல் காரணமாக எதை எழுதினார்கள்? ஆனால் அவர் இறந்தார் என்பதில் தகராறு கிடையாது. ஆகவே காரணத்தை விட்டுவிட்டு, மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் எண்ணுகிறோம். வழக்கமாக அந்தக் காலத்தில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதை அதிலிருந்து கழிக்கிறோம். மிஞ்சுவது கூடுதல் இறப்பு.

பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய ஊருக்கு இதை விளக்க ரொம்பப் பாடுபட வேண்டாம். பேரேட்டில் ஆயிரம் பற்று வரவு எழுதியிருக்கட்டும், கடைசியில் பெட்டியைத் திறந்து இருப்பை எண்ணினால் எழுதியது சரியா தப்பா என்று தெரிந்துவிடும். இங்கே இருப்பு என்பது மொத்த இறப்பு எண்ணிக்கை.

முறை புதியதல்ல. வில்லியம் ஃபார் என்கிற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் 1840களில் லண்டனில் பரவிய விஷக்காய்ச்சலின் கொடுமையை இப்படித்தான் அளந்தார். நம் நாட்டில் 1918 விஷக்காய்ச்சலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்று சொல்கிறோமே, அந்தக் கணக்கும் இதே வகைதான். கிராமத்துப் பதிவேட்டில் 'காய்ச்சல்' என்று ஒரே வார்த்தைதான் இருக்கும். மலேரியாவா, டைபாய்டா, இன்ஃபுளுயன்சாவா என்று எழுதியவருக்கே தெரியாது. வழக்கமான ஆண்டுகளைவிட எவ்வளவு கூடியது என்று பார்த்துத்தான் ஒரு கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். 1911 கணக்கெடுப்பைவிட 1921 கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை குறைந்திருந்ததும் அதற்குச் சாட்சி. அப்படிக் குறைந்த பத்தாண்டு நம் கணக்கெடுப்பு வரலாற்றிலேயே அது ஒன்றுதான்.

ஒரு கற்பனை ஊரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஐந்து ஆண்டுகளில் அங்கே பதிவான இறப்புகள் 600, 620, 610, 630, 640. சராசரி 620. ஆறாவது ஆண்டில் 800. ஆக 180 பேர் கூடுதல். அதே ஆண்டில் கொரோனா என்று எழுதப்பட்டவை 40 மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 140 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் இனிக் கேள்வி.

இங்கே கூர்மையான ஒருவர் குறுக்கிடுவார். "ஊர்ல வயசானவுக கூடிக்கிட்டே வர்றாக. வருஷா வருஷம் கொஞ்சம் கூடத்தானே செய்யும்? 620ஐ ஏன் கழிக்கிறீக?" சரியான கேள்வி. போக்கைப் பார்த்தால் அந்த ஆண்டில் 650ஐ எதிர்பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் கூடுதல் 150தான். எதைக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். இந்தக் கணக்கில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான். நிபுணர்கள் அடித்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

மிஞ்சிய அந்த 150 பேரும் கிருமியால் போனவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. டயாலிசிஸுக்கு வண்டி கிடைக்காதவர் இருப்பார். நெஞ்சுவலி வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவர் இருப்பார். இன்னொரு பக்கம் ஊரடங்கில் சாலை வெறிச்சோடியதால் பிழைத்தவர்களும் உண்டு. 2019இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1.51 லட்சம், 2020இல் 1.31 லட்சத்துச் சொச்சம். இருபதாயிரம் உயிர் அங்கே மிச்சமாயிற்று. கூடுதல் இறப்பு என்பது இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் போக நிற்கும் நிகர எண்.

சுகரா, கொரோனாவா?

தமிழக அரசு தினமும் மாலை வெளியிட்ட அறிக்கை நினைவிருக்கலாம். இறந்த ஒவ்வொருவரின் வயது, ஊர், இருந்த வேறு நோய்கள் எல்லாம் வரிசையாக வரும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு. அதைப் படித்த பலர் முதல் சந்தேகத்துக்கு வந்தார்கள்: இவர்கள் ஏற்கெனவே நோயாளிகள், எப்படியும் போயிருப்பார்கள்.

எப்படியும் போயிருப்பார்கள் என்றால், அவர்கள் வழக்கமான எண்ணிக்கைக்குள் அடங்கியிருக்க வேண்டும். மொத்தம் கூடியிருக்கக் கூடாது. கூடியதா?

இந்தியாவில் பதிவான இறப்புகள்: 2018இல் 69.5 லட்சம். 2019இல் 76.4 லட்சம். 2020இல் 81.2 லட்சம். 2021இல் 102.2 லட்சம், அதாவது ஒரு கோடியைத் தாண்டியது. குடிமைப் பதிவு முறை என்று அரசே நடத்தும் பதிவேட்டின் எண்கள் இவை. வெளிநாட்டுக்காரர் யாரும் ஊகித்துச் சொன்னவை அல்ல.

இதை அவசரப்படாமல் படிக்க வேண்டும். 2019இலேயே, கொரோனா வருமுன்னே, முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 7 லட்சம் கூடியிருக்கிறது. சாவு கூடியதற்கு மேலாக, பதிவு செய்யும் பழக்கம் கூடியதுதான் அதற்குப் பெரிய காரணம். முன்பு வட மாநிலக் கிராமங்களில் பலர் பதிவே செய்வதில்லை. நம் பக்கம் அந்த நிலை குறைவு. ஒரே வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் உரிமை கொண்டாடும் செட்டிநாட்டில் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இல்லாமல் ஒரு நிலைக்கதவைக்கூட விற்க முடியாது. அதனால் கொஞ்சம் தாமதமானாலும் பதிவு நடந்துவிடும். ஆக, 2020இல் கூடிய சுமார் 5 லட்சத்தை மட்டும் வைத்து நோயின் கொடுமை என்று சத்தியம் செய்ய முடியாது. மத்திய அரசும் இதைத்தான் வாதமாக வைத்தது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

2021இல் அந்த நியாயம் நிற்காது. ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடுதல். பதிவுப் பழக்கம் ஒரே வருடத்தில் அப்படித் தாவாது. அந்த ஆண்டில் கொரோனா என்று அதிகாரப்பூர்வமாக எண்ணப்பட்டவை 3.3 லட்சத்துக்கு அருகில். ஆக முதல் சந்தேகம் விழுகிறது, நாலாவது சந்தேகம் எழுந்து நிற்கிறது. எல்லாச் சாவையும் கொரோனா என்று எழுதினார்கள் என்பதைவிட, கொரோனாச் சாவுகளில் பெரும்பகுதியை எழுதவே இல்லை என்பதே எண்களுக்குப் பொருந்துகிறது.

எழுதாததற்கெல்லாம் சதி வேண்டியதில்லை. பரிசோதனை எடுக்காமல் வீட்டிலேயே இறந்தவர்கள் ஏராளம். சென்னையில் மாநகராட்சிப் பதிவேட்டையும் சுகாதாரத் துறைப் பட்டியலையும் ஒத்துப்பார்த்து, விடுபட்ட 444 மரணங்களை 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு மொத்தமாகச் சேர்த்தது. தென் அமெரிக்காவில் பெரு நாடு இன்னும் துணிச்சலாக நடந்துகொண்டது. 2021 மே கடைசியில் தன் கணக்கைத் திருத்தி, சுமார் 69 ஆயிரமாக இருந்ததை 1.8 லட்சமாக மாற்றியது.

உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு: 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் உலகம் முழுவதும் கூடுதல் இறப்பு ஏறக்குறைய 1.49 கோடி. நாடுகள் கொரோனா என்று அறிவித்தவை 54 லட்சம். இந்தியாவுக்கு மட்டும் 47 லட்சம் என்றது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு நம் அரசின் கணக்கு 4.8 லட்சம். அரசு அந்த முறையையே ஏற்கவில்லை. என் மதிப்பில் 47 லட்சம் என்பதை அடித்துச் சொல்ல முடியாது, அது கணித மாதிரியை வைத்து மதிப்பிட்ட எண், மேலும் கீழும் போகலாம். 4.8 லட்சம் என்பதை, அரசின் சொந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகு, நம்பவே முடியாது.

"99 சதவீதம் பேர் பிழைச்சுக்கிட்டாகளே, அப்புறம் என்ன பெரிய கொள்ளைநோய்?" என்று கேட்பவர்களும் உண்டு. பிழைத்தது உண்மை. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுவதும் ரத்தமாதிரி எடுத்துப் பார்த்தபோது 67.6 சதவீதம் பேரின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தது. சிலருக்கு ஊசியால், மிகப் பெரும்பாலோருக்கு நோய் வந்துபோனதால். எண்பது தொண்ணூறு கோடிப் பேருக்கு வந்துபோயிருக்கிறது என்று வையுங்கள். அதில் 99.5 சதவீதம் பேர் பிழைத்தாலும், மீதி அரை சதவீதம் நாற்பது லட்சத்தைத் தாண்டும். நம் தெருவில் எல்லோரும் பிழைத்ததும், நாட்டில் லட்சக்கணக்கில் போனதும் சேர்ந்தே நடக்கக்கூடியவை.

டி.வி. செய்தது

திரையின் அடியில் ஓடிய எண்ணை யாரும் மறந்திருக்க முடியாது. மொத்தப் பாதிப்பு, மொத்த இறப்பு. மொத்தம் என்பது ஏறத்தான் செய்யும், இறங்காது. நோய் தணிந்துவரும் வாரத்திலும் அந்த எண் ஏறிக்கொண்டே இருக்கும், பார்ப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். அத்துடன், சாதாரணமாகவே இந்தியாவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதை எந்த அலைவரிசையும் பக்கத்தில் போடவில்லை. 2019 பதிவுப்படி அது சுமார் 21 ஆயிரம். "இன்று 500 பேர் பலி" என்று சிவப்பெழுத்தில் வருவதை இந்த 21 ஆயிரத்தின் பக்கத்தில் வைத்துப் படிப்பது வேறு, தனியாகப் படிப்பது வேறு. அளவுகோல் இல்லாத எண் பயத்தைத்தான் தரும். டி.வி.யைப் பற்றிய சந்தேகத்தில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

ஆனால் நாலு இடத்தில் இறங்கி எண்ணியதும் பத்திரிகைகள்தான். இத்தாலியில் பெர்காமோ நகரத்து நாளிதழில் ஒன்றிரண்டு பக்கம் வரும் மரண அறிவிப்புகள் 2020 மார்ச் நடுவில் பத்துப் பக்கமாக வந்தன. அரசு கணக்குச் சொல்லுமுன் ஊர் அதைப் பார்த்தே தெரிந்துகொண்டது. குஜராத்தில் திவ்ய பாஸ்கர் நாளிதழ் 2021 மார்ச் 1 முதல் மே 10 வரை மாநிலத்தில் வழங்கப்பட்ட இறப்புச் சான்றிதழ்களை எண்ணியது: 1.23 லட்சம். முந்தைய ஆண்டில் அதே நாட்களில் 58 ஆயிரம். அந்தக் காலத்துக்கு மாநில அரசு ஒப்புக்கொண்ட கொரோனா மரணம் நாலாயிரத்துச் சொச்சம். அவர்கள் செய்தது நாம் மேலே போட்ட அதே கழித்தல்தான். பிறகு நிவாரணத் தொகை 50 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்று ஆனபோது, பத்தாயிரத்துச் சொச்சம் மரணங்களை அறிவித்திருந்த அதே குஜராத் 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை ஏற்றது.

நம் ஊர்களில் யாருக்கும் நாளிதழ் தேவைப்படவில்லை. 2021 மே, ஜூனில் தெருமுனைச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியது. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றதால் கேதம் கேட்கப் போக முடியவில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த பிள்ளைகள் கைப்பேசியில் கொள்ளி வைப்பதைப் பார்த்தார்கள். ஆனாலும் சுவரொட்டி அளவுகோல் ஆகாது என்பதைச் சொல்ல வேண்டும். பூட்டிய வீடுகள் நிறைந்த ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயசாளிகள். எந்த நோய் வந்தாலும் அங்கே சாவு கண்ணில் படும். கண்ணில் படுவதையும் பதிவேட்டில் இருப்பதையும் பிரித்துப் பார்க்கத்தான் கணக்கே.

"நம்ம உடம்பு வேற"

இனத்தைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். இதில் மூன்று விதமான சந்தேகம் கலந்து கிடக்கிறது. நம் இனத்துக்கு வராது என்பது ஒன்று. அந்த இனத்தால்தான் வந்தது என்பது இன்னொன்று. கறுப்பர் அதிகம் செத்தார்கள், ஏழைகள் அதிகம் செத்தார்கள் என்பதெல்லாம் ஊடகம் கிளப்பிய அரசியல் என்பது மூன்றாவது.

முதலாவதைச் சோதிக்கச் சிங்கப்பூர் போதும். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் அங்கே கட்டட வேலைக்குப் போய்த் தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், சில இடத்தில் அதற்கும் மேல், அடுக்குக் கட்டில். 2020 டிசம்பரில் அந்நாட்டு அரசு வெளியிட்ட கணக்குப்படி விடுதிகளில் இருந்த 3.23 லட்சம் பேரில் 47 சதவீதம் பேருக்கு நோய் வந்துபோயிருந்தது. ரசம் குடித்தவனுக்கும் வந்தது, பங்களாதேஷ்காரனுக்கும் வந்தது. தனி வீட்டில் இருந்த சிங்கப்பூர்க்காரருக்கு அவ்வளவு வரவில்லை.

ஆனால் அந்த ஒன்றரை லட்சம் பேரில் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். "பாத்தீகளா, நம்ம உடம்பு" என்று இதைச் சொல்லியும் பெருமைப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருந்தவர்கள், வேலைக்கு எடுக்கும்போதே மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்கள். இந்த நோயில் ஆபத்தைக் கூட்டுவதில் வயதுக்குத்தான் முதலிடம். வயதைச் சரிசெய்யாமல் இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டால் விடை எப்போதும் கோணலாகவே வரும்.

அமெரிக்காவிலும் இதுதான் சிக்கல். அங்கே வெள்ளையரில் முதியவர் அதிகம், கறுப்பரிலும் லத்தீன் அமெரிக்க வழி வந்தோரிலும் இளையவர் அதிகம். வெறுமனே எண்ணினால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. "எங்கே பாகுபாடு?" என்று சந்தேகப்பட்டவர்கள் அந்த எண்ணைத்தான் காட்டினார்கள். ஒரே வயதுக்காரர்களை ஒப்பிட்டதும் படம் மாறியது. 2020இல் மட்டும் கறுப்பர்களின் சராசரி ஆயுளும் லத்தீன் அமெரிக்க வழியினரின் சராசரி ஆயுளும் சுமார் 3 முதல் 4 ஆண்டு வரை குறைந்தன. வெள்ளையருக்கு ஓர் ஆண்டுக்குச் சற்று மேல். இங்கிலாந்தில் 2020 ஜூனில் அரசு வெளியிட்ட ஆய்வு, வயது, பால், வசிக்கும் பகுதி, வறுமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், பங்களாதேஷ் வழியினருக்கு மரண ஆபத்து வெள்ளையரைப் போல் ஏறக்குறைய இருமடங்கு என்றது.

அப்படியானால் ரத்தத்தில்தான் ஏதோ இருக்கிறதா? 2021 இறுதிக்குப் பிறகு அமெரிக்காவில் இந்த இடைவெளி சுருங்கியது, சில மாதங்களில் வெள்ளையரின் இறப்பு விகிதம் கறுப்பரைத் தாண்டியது. ரத்தம் ஒன்றரை வருடத்தில் மாறாது. முதலில் பேருந்து ஓட்டியவர், கிடங்கில் மூட்டை தூக்கியவர், ஆஸ்பத்திரியில் துடைத்தவர் யார், பிறகு ஊசி வேண்டாம் என்று மறுத்தவர் யார் என்பதுதான் மாறியது.

கறுப்பருக்கு நோய் வராது என்ற வதந்தி 2020இல் அமெரிக்காவில் பரவியது. அதே கதை 1793இலும் உண்டு. பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது பெஞ்சமின் ரஷ் என்ற பெரிய டாக்டர் கறுப்பருக்கு இது தொற்றாது என்று நம்பி, நோயாளிகளைப் பார்க்க அவர்களை அழைத்தார். வந்தவர்களும் செத்தார்கள். நம் ஊரில் 1918 பம்பாயைப் பாருங்கள். விஷக்காய்ச்சலில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று சமூகவாரியாகப் பிரித்த கணக்கு இருக்கிறது. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. மற்ற சாதி இந்துக்கள் 18.9. தாழ்த்தப்பட்ட சாதியினர் 61.6. ஒரே நகரம், ஒரே கிருமி, ஏழு மடங்கு வித்தியாசம். ஒற்றை அறைக் குடியிருப்பான சாலுக்கும் பங்களாவுக்கும் நடுவே இருந்த தூரம் அது.

இரண்டாவது வகைச் சந்தேகம், அந்த இனத்தால்தான் வந்தது என்பது, தமிழ்நாட்டிலேயே நடந்தது. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பு நடத்திய மாநாட்டுக்குப் போய்வந்தவர்களில் நோய் கண்டது உண்மை. உடனே அரசு அவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் தேடித் தேடிப் பரிசோதித்தது. அது செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அப்போது பரிசோதனைக் கருவிகளே குறைவு, மற்றவர்களை அவ்வளவாகச் சோதிக்கவில்லை. தேடிய இடத்தில்தானே கிடைக்கும்? தினசரி எண்ணிக்கையில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்ததும், நோய் ஒரு மதத்தின் சொத்து போலப் பேச்சு கிளம்பியது. பாய் கடையில் மளிகை வாங்கத் தயங்கியவர்கள் நம் பக்கமும் உண்டு. 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் குறிப்பிட்டது. அடுத்த ஆண்டு உருமாறிய கிருமி ஒன்றை 'இந்திய வகை' என்று உலகம் சொன்னபோதுதான் அந்த வலி நமக்குப் புரிந்தது. அதற்கு 2021 மே 31 அன்று டெல்டா என்று பெயர் மாற்றினார்கள்.

சந்தேகவாதிகள் ஜெயிக்கும் இடம்

கணக்கு எப்போதும் அரசு சொன்னதற்கும் பெரும்பான்மை நிபுணர் சொன்னதற்கும் ஆதரவாக வராது. சுவீடன் கடுமையான ஊரடங்கு போடவில்லை, சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளை மூடவில்லை. 2020இல் அக்கம்பக்கத்து நார்வே, பின்லாந்தைவிட அங்கே அதிகம் பேர் இறந்தார்கள், உலகமே திட்டியது. ஆனால் 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுக் கூடுதல் இறப்பைப் பார்த்தால் ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த நாடுகளில் சுவீடனும் ஒன்று. 2020 அக்டோபரில் ஜெய் பட்டாச்சார்யா, மார்ட்டின் குல்டார்ஃப், சுனேத்ரா குப்தா ஆகிய மூன்று பேராசிரியர்கள், முதியோரைக் காத்து மற்றவர்களை நடமாட விடுங்கள் என்று அறிக்கை விட்டபோது அவர்களை ஓரங்கட்டினார்கள். கூட்டுக் குடும்பத்தில் அப்பத்தாவும் பேரனும் ஒரே பட்டாசாலையில் படுக்கும் நாட்டில் அது நடக்குமா என்ற கேள்விக்கு அவர்களிடம் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் பேசவிடாமல் செய்தது தப்பு.

மறுபக்கமும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜான் இயோனிடிஸ் 2020 மார்ச்சில், இருக்கும் தகவல் போதாது என்று எச்சரித்தார், அது நல்ல எச்சரிக்கை. கூடவே ஒரு கணக்கும் போட்டார், அதன்படி அமெரிக்காவில் பத்தாயிரம் பேர் வரை இறக்கலாம். 2022 மே மாதத்துக்குள் அங்கே பத்து லட்சம் தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கால் அளக்கவே முடியாத நஷ்டங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகள் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போனவர்கள், 2021 நவம்பர் 1 அன்றுதான் வகுப்புக்குத் திரும்பினார்கள். முகூர்த்தம் முகூர்த்தமாகக் கல்யாணம் நின்றதில் செட்டிநாட்டுச் சமையல்காரர்கள் அடுப்பு மூட்டவில்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறைகள் மூடிக் கிடந்தன, கண்டாங்கிச் சேலை தறியிலேயே நின்றது. இதில் யாரும் செத்திருக்க மாட்டார்கள், அதனால் கூடுதல் இறப்பில் இது பூஜ்யம். ஊரடங்கு சரியா தப்பா என்பதை இறப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று சந்தேகவாதிகள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஊசியும் மாரடைப்பும்

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பால் இறந்தார். தமிழ்நாட்டில் ஊசிப் பயம் இதற்குப் பிறகு எவ்வளவு கூடியது என்பது சுகாதார ஊழியர்களைக் கேட்டால் தெரியும். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பிறகு மத்தியக் குழு முடிவு சொன்னது, ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

எந்த ஊசியும் போடாத காலத்திலும் நாளொன்றுக்கு 21 ஆயிரம் பேர் இறக்கிற நாடு இது. தினமும் இருபது முப்பது லட்சம் பேருக்கு ஊசி போட்டால், அவர்களில் சிலர் மறுநாளோ மறுவாரமோ இறக்கத்தான் செய்வார்கள், போட்டது வெறும் தண்ணீராக இருந்தாலும். தனி ஒரு மரணத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. வழக்கத்தைவிட கூடியதா என்றுதான் பார்க்க வேண்டும். 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023இல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட ஆய்வில் ஊசி ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, மிதமிஞ்சிக் குடிப்பது ஆகியவை கூட்டின.

அரசு ஆய்வையும் நம்பவில்லையா, நல்லது, பதிவேட்டுக்கே போவோம். ஊசியில் பெரும்பகுதி போடப்பட்டது 2021 நடுவிலிருந்து 2022 வரை. சாவு குவிந்தது 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை, ஜூன் கடைசியில்கூட இரண்டு ஊசியும் போட்டவர்கள் நாட்டில் நூற்றுக்கு நாலு பேர் அளவுக்குத்தான். ஊசி லட்சக்கணக்கில் கொன்றிருந்தால் 2022இல் எண் இன்னும் ஏறியிருக்க வேண்டும். 2021இல் 102 லட்சமாக இருந்த பதிவு, 2022இலும் 2023இலும் 86 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கியது.

"அப்ப ஏன் பழைய 76 லட்சத்துக்கு வரலை அண்ணே?" என்று வெற்றிலைத் தட்டுக்கு எதிரிலிருந்து ஒருவர் கேட்பார், கேட்க வேண்டும். 2018இலிருந்து 2020 வரை பதிவு எப்படி ஏறிவந்தது என்று மேலே பார்த்தோமே, அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் 86 லட்சம் அதற்குக் கீழேதான் உட்காருகிறது. மக்கள்தொகை கூடியது, வயசாளிகள் கூடினார்கள், பதிவும் கூடியது. இளவயது மாரடைப்பு மட்டும் கூடியிருக்கிறதா என்பதற்கு மொத்த எண் பதில் சொல்லாது, வயதுவாரியாகவும் காரணவாரியாகவும் பிரித்த கணக்கு வேண்டும். இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.